காணிக்கை பீரோவில் காத்திருந்த வாரம்

பின்னணி

எங்கள் சபை பெரம்பூருக்கும் அயனாவரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. குடும்பங்களில் பாதிக்குமேல் ரயில்வே வேலையை நம்பி நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவர்களின் வழி. பெரம்பூர் பணிமனைகளை நம்பி முதலில் ஒரு கூட்டம் வந்தது. 1955 அக்டோபரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தொடங்கியபின் இன்னொரு கூட்டம் வந்தது. நான் அந்த இரண்டாவது கூட்டத்தின் மகன். 2021 முதல் சபைக் கமிட்டியின் செயலாளராக இருக்கிறேன். இதை எழுதுகிறவன் நடுநிலையாளன் அல்ல என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பரில் வீடு வீடாகப் பாடிச் செல்வதை அறிவிப்புத் தாளில் ‘கீத பவனி’ என்று போடுவோம். பேச்சில் அது கேரல் ரவுண்ட்ஸ்தான். இரவு ஒன்பதுக்குக் கிளம்பினால் முடிய அதிகாலை இரண்டு, மூன்று மணி ஆகும். ஒரு வேன், கீபோர்டு, டிரம், ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று, சிவப்பு அங்கியில் வியர்த்துக் கொட்டும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், தேநீர், கேக், கடைசியில் காணிக்கை உறை. ஏன் நள்ளிரவு என்று கேட்டால், ரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்தில் இரண்டாம் ஷிப்ட் முடித்து ஆண்கள் வீட்டுக்கு வரவே அந்த நேரம் ஆகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுற்றியிருந்த வீடுகளிலும் அதே ஷிப்ட், அதே விழிப்பு.

அந்தக் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை எங்களில் பெரும்பாலோருக்கு எப்போதோ முடிந்துவிட்டது. இன்று சபையார் பல மதத்தவர் சேர்ந்து வாழும் அடுக்குமாடிக் கட்டடங்களில் இருக்கிறார்கள். நேரத்தை மட்டும் நாங்கள் மாற்றவில்லை.

அன்றிரவு

2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. அன்றைய ஒன்பதாவது வீடு, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாம் தளத்தில் இருந்தது. அங்கே வயதான தம்பதியர் இருவர். மணி பன்னிரண்டு நாற்பது. இளைஞர்கள் ஒலிபெருக்கியைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்திருந்தார்கள். கூட்டம் வீட்டுக்குள் கொள்ளவில்லை.

இரண்டாவது பாட்டின் நடுவே இரண்டாம் தளத்திலிருந்து ஒருவர் ஏறி வந்தார். அறுபதை ஒட்டிய வயது, லுங்கி, பனியன். வந்தவர் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நடுராத்திரியில் பிச்சைக்கு வந்த கூட்டம் என்றார். அரிசிக்கும் பால்பவுடருக்கும் சாமியை விற்றவர்கள் என்றார். முன்வரிசையில் நின்ற எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். மரியாளைப் பற்றியும் ஒன்று சொன்னார். அவை இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை. அந்த இரவில் அங்கே இருந்தவர்களுக்கு அவை நினைவிருக்கின்றன. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

டிரம் வாசித்த இளைஞன் அவருடைய பனியனைப் பிடித்துவிட்டான். இன்னொருவன் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தான். டீச்சர்தான் இருவருக்கும் நடுவில் போய் நின்று, “ஐயா, சத்தத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இதோ போய்விடுகிறோம்” என்றார். பையனின் கையையும் அவரே விடுவித்தார்.

வேனில் ஒருவரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டீச்சர் சபையின் மானத்தை வாங்கிவிட்டார் என்று ஒரு பையன் சொன்னது எனக்குக் கேட்டது. டீச்சருக்கும் கேட்டிருக்கும். மூன்று மணிக்குள் காணொளி வாலிபர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் கூட்டம்

சனிக்கிழமை மாலை பாடகர் பயிற்சி முடிந்ததும் கமிட்டியும் வாலிபர் சங்கப் பொறுப்பாளர்களும் உட்கார்ந்தோம். போலீசில் புகார் கொடுக்க வேண்டும், காணொளியை ஊருக்குக் காட்ட வேண்டும், இன்றிரவே அதே தெருவில் இரண்டு மடங்கு சத்தமாகப் பாட வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள் வந்தன. மூன்றாவதை மொழிந்தவன் வாலிபன் அல்ல, எழுபது வயது மூப்பர்.

சபையிலுள்ள வழக்கறிஞர் சட்டத்தை விளக்கினார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், மத உணர்வைப் புண்படுத்துவது தொடர்பாக இரண்டு பிரிவுகள் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ இப்போது 299. பழைய 298 இப்போது 302. “302 என்றால் கொலை வழக்கு அல்லவா?” என்று ஒரு பையன் திடுக்கிட்டான். அது பழைய சட்டத்தில். 299 நிற்க வேண்டுமானால், திட்டமிட்ட, தீய நோக்கம் இருந்ததைக் காட்டியாக வேண்டும். தூக்கத்திலிருந்து எழுந்து பனியனோடு ஓடிவந்தவர் விஷயத்தில் அதைக் காட்டுவது கடினம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை நினைவூட்டினார். இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். காவல் நிலையத்தில் முதல் கேள்வி எங்களை நோக்கித்தான் வரும்.

உடனே வர வேண்டிய பதில் வந்தது: மார்கழி பிறந்தால் விடியும் முன்பே கோயில் ஒலிபெருக்கி பாடுகிறதே, அதை யார் கேட்கிறார்கள்? அந்த ஆதங்கம் பொய்யல்ல. ஆனால் அது வேறொருவர் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. அதைக் காட்டி எங்கள் கணக்கைத் தீர்க்க முடியாது.

போதகர் அதுவரை பேசாமல் இருந்தார். மறுகன்னத்தைக் காட்டச் சொல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்தோம். அவர் அந்த வசனத்தை எடுத்தார், ஆனால் வேறு பக்கமாக. மத்தேயு 5:39-இல் ‘வலது கன்னம்’ என்று இருப்பதைக் கவனிக்கச் சொன்னார். வலக்கைக்காரன் எதிரே நிற்பவனின் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். அது காயப்படுத்தும் அடியல்ல, அவமதிக்கும் அடி. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் கன்னத்தில் அறைந்தால் 200 சூஸ் (வெள்ளிக்காசு) அபராதம், புறங்கையால் அறைந்தால் 400. ஆக, அவமானம் என்பது பெரிதல்ல என்று இயேசு நினைக்கவில்லை. பிறகு யோவான் 18-ஆம் அதிகாரத்துக்குப் போனார். பிரதான ஆசாரியன் முன்னிலையில் சேவகன் ஒருவன் இயேசுவை அறைகிறான். இயேசு திருப்பி அடிக்கவில்லை. மறுகன்னத்தையும் நீட்டவில்லை. தகாததைப் பேசியிருந்தால் அதைக் காட்டு, தகுதியாய்ப் பேசியிருந்தால் “என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்கிறார்.

“அப்படியானால் நாமும் கேட்கலாமே” என்றான் டிரம் வாசித்தவன்.

“கேட்கலாம். அவர் தகுதியாய்ப் பேசியிருந்தார், அதனால் கேட்டார். நேற்று நாம் தகுதியாய் நடந்தோமா?” என்றார் போதகர்.

அடுத்து அவர் காட்டிய வசனம்தான் முடிவைத் தீர்மானித்தது. மத்தேயு 5:23, 24. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு. ‘உனக்கு அவன்மேல் குறை’ என்று அங்கே இல்லை. இத்தனை ஆண்டுகளாக அதைத் தலைகீழாகவே படித்து வந்திருக்கிறேன். யாரையாவது மன்னிக்காமல் இருந்தால் காணிக்கை போடக்கூடாது என்பதுதான் அதன் பொருள் என்று நினைத்திருந்தேன்.

அன்றுவரை வசூலான கேரல் காணிக்கை உறைகள் பிரிக்கப்படாமல் அலுவலக பீரோவில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பீடத்தில் வைத்துப் படைப்பதாக இருந்தது. அதை நிறுத்தினோம். புகார் இல்லை, காணொளியை அழித்துவிட வேண்டும், மீதி ரவுண்ட்ஸ் இரவு ஒன்பதரைக்குள் முடிய வேண்டும், முதலில் இரண்டாம் தளத்துக்காரரைப் போய்ப் பார்க்க வேண்டும். இவை முடிவுகள். மூன்றாம் தளத்துப் பெரியவர் கேட்டுக்கொண்டதும் ஒரு காரணம். நாங்கள் வேனில் ஏறிப் போய்விடுவோம், அவர்கள்தான் அதே படிக்கட்டில் தினமும் இறங்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு டீச்சரை யாரும் அழைக்கவில்லை. அவர் கமிட்டியில் இல்லை.

முதல் சந்திப்பு

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நான்கு பேர் போனோம். ஞானஸ்நான ஆராதனை முடிந்து நேரே வந்த போதகர் வெள்ளை அங்கியில் இருந்தார். என் கையில் ஒரு கிலோ பிளம் கேக். கமிட்டியின் பருத்த உறுப்பினர்கள் இருவர் பின்னால். இப்படி ஒரு கூட்டம் வாசலில் நின்றால் எவருக்கும் என்ன தோன்றும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் இரும்புக் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே மருமகள் யாருக்கோ தொலைபேசியில், “சர்ச்சிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்” என்று சொல்வது கேட்டது.

போதகர் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டார். நேரம் தவறு, ஒலிபெருக்கி தவறு, அவர்மேல் கை வைத்தது பெரிய தவறு என்றார். எங்களைத் திட்டியதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தோம். அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவுக்கு 84 வயது, நவம்பரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார், பதினொரு மணிக்கு மாத்திரை கொடுத்தால்தான் கண் மூடுவார் என்றார். கேக்கை வாங்கவில்லை. “இனிப்புக் கொடுத்து வாயை அடைக்க வந்தீர்களா?” என்று கேட்டார். கடைசியாக ஒன்று சொன்னார்: “மரியாதையாகக் கடிதம் எழுதினேன். பதில் போட ஆள் இல்லை. இப்போது மட்டும் நான்கு பேர் வருகிறீர்கள்.”

எந்தக் கடிதம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கோப்பில் இருந்தது

திங்கட்கிழமை அலுவலகத்தில் தேடினேன். ‘இதர’ என்று எழுதிய கோப்பில், கல்லறைத் தோட்டச் சுவர் மதிப்பீட்டுக்கும் தண்ணீர் வரி ரசீதுக்கும் நடுவே கிடைத்தது. 2022 டிசம்பர் 19 தேதியிட்டது. ஒரு பக்கம், சுத்தமான கையெழுத்து. ‘மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, பண்டிகை வாழ்த்துச் சொல்லி, பாடுவதில் தமக்கு எந்த மறுப்பும் இல்லை, இரவு பத்துக்குமேல் ஒலிபெருக்கியை மட்டும் தவிர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். அப்போதிருந்த போதகர் மாற்றலாகிப் போய்விட்டார். கடிதத்தின் மூலையில் ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருப்பவன் நான்.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது வெட்கம்கூட அல்ல, எரிச்சல். அவ்வளவு மரியாதையாக எழுதியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. மோசமாக எழுதியிருந்தால் கமிட்டியில் வைத்திருப்பேன். அன்றே ஒன்பது பேர் அதைப் பற்றி விவாதித்திருப்போம். மரியாதையான குரலுக்கு ‘பார்த்தேன்’, வசைக்குக் கமிட்டிக் கூட்டம். நாங்கள்தான் அவருக்கு அந்த மொழியைப் பழக்கினோம் என்று சொன்னால் அது மிகை. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

புதன்கிழமை தனியாகப் போனேன். வெறுங்கையோடு, அந்தக் கடிதத்தின் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு. காலை பதினொரு மணி. இந்த முறை கதவு திறந்தது. அந்தச் சுருக்கொப்பம் என்னுடையது என்று சொன்னேன். காணொளியைப் பற்றியும் சொன்னேன். அழித்துவிட்டோம், ஆனால் ஒரு பையன் அதற்குமுன் இரண்டு மணிநேரம் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான், யார் யார் பார்த்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது என்று கமிட்டியில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அவர் மிகவும் கோபப்பட்டார். கோபம் அடங்கும்வரை நின்றேன். பிறகு என் கைபேசி எண்ணைக் கடிதத்தின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். “அடுத்த முறை எனக்கே அழையுங்கள். கடிதம் எழுத வேண்டாம்” என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். தேநீர் கொடுக்கவில்லை.

டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, உறைகளைப் பிரிக்காமலே பீடத்தில் வைத்துப் படைத்தோம். ஏன் ஒரு வாரம் தாமதம் என்பதைப் போதகர் சபைக்கு முன்னால் சொன்னார். என் சுருக்கொப்பத்தைப் பற்றி நானே சொன்னேன்.

டீச்சரின் கேள்வி

இத்தோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். “சத்தத்துக்கு நாம் மன்னிப்புக் கேட்டாயிற்று. சரி. எனக்குச் சொன்ன வார்த்தைக்கு யார் கேட்பது?” என்றார்.

நான் 1 பேதுரு 2:23-ஐ நினைவூட்டினேன். ‘அவர் வையப்படும்போது பதில்வையாமலும்.’ டீச்சர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். “நான் எங்கே பதில் வைதேன்? கேள்வி கேட்கக்கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது?” என்றார். ஞாயிறு பள்ளி டீச்சரிடம் வசனம் சொல்லும் முன் யோசிக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அரிசி என்ற வசை அவருக்கு வலித்த விதம் எனக்குப் புரிந்திருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஏராளமான குடும்பங்கள் சபையில் சேர்ந்தன. டீச்சரின் கொள்ளுப்பாட்டியின் வீடும் அதில் ஒன்று. “அரிசி வாங்கினார்கள், உண்மைதான். பசித்தவர்கள் வாங்குவார்கள். கொடுத்தவர்கள் கும்பிட்ட சாமியைப் பார்த்து, இது நல்ல சாமி என்று நினைத்திருப்பார்கள். அதில் எனக்கு என்ன கேவலம்? ஆனால் அவர் அதைக் கேவலமாகச் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று நான் கேட்க வேண்டும்.”

அடுத்த சனிக்கிழமை டீச்சர் அந்த இரண்டாம் தள வீட்டுக்குத் தனியாகவே போனார். என்ன நடந்தது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவின் உடல்நிலையை விசாரித்திருக்கிறார். பிறகு, “நீங்கள் சொன்ன குறை நியாயமானது. எனக்குச் சொன்ன வார்த்தை நியாயமானது அல்ல. அதை ஏன் சொன்னீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தூக்கம் கெட்ட கோபம்” என்றாராம். “கோபம் சத்தத்தின்மேல்தானே வர வேண்டும்?” என்று டீச்சர் கேட்டதற்குப் பதில் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அன்றுவரை கேட்டதும் இல்லை, பிறகும் இல்லை.

“வருத்தமாக இல்லையா டீச்சர்?” என்று கேட்டேன்.

“நான் மன்னித்துவிட்டுத்தான் போனேன். மன்னிக்க முடியாதவள் கேட்கப் போயிருக்க மாட்டேன், வேறு ஏதாவது செய்திருப்பேன்” என்றார்.

எதை மாற்றிச் செய்திருப்போம்

மிகப் பெரிய தவறு அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் டீச்சர் இல்லாதது. வசை வாங்கியவர் அவர். ‘சபை’ மன்னித்துவிட்டது என்று ஆண்கள் ஒன்பது பேர் உட்கார்ந்து தீர்மானித்தோம். இன்னொருவர் கன்னத்தில் விழுந்த அடியை மன்னிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.

முதல் சந்திப்புக்கு அங்கியும் கேக்கும் நான்கு பேரும் வேண்டியதில்லை. மத்தேயு 18:15 ‘தனித்திருக்கையில்’ என்று சொல்கிறது. குற்றம் செய்தவனிடம் பேசப் போகிறவனுக்கே தனிமை தேவை என்றால், குற்றம் செய்துவிட்டுப் போகிறவனுக்கு எவ்வளவு தேவை! கேக்கைப் பற்றி ஒரு பையன் சொன்னது வேறு: பசித்த எதிரிக்கு உணவு கொடுக்கச் சொல்லும் ரோமர் 12-இன்படி அவர் தலைமேல் நெருப்புத் தழல் குவிக்கப் போகிறோம் என்றான். சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாது. பணிவு மாதிரி தெரியும் பழிவாங்கல் ஒன்று உண்டு, எங்கள் கேக்கில் அது கொஞ்சம் இருந்தது.

குறையையும் வசையையும் பிரித்தது மட்டும் சரி என்று இன்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்ததால் ஒன்றாகத் தெரிந்தன. வசையைக் காரணம் காட்டிக் குறையைத் தள்ளவே எங்களில் பாதிப்பேர் விரும்பினார்கள். மறுபாதிக்கு, குறை நியாயமானது என்பதால் வசையை விழுங்கிவிடும் எண்ணம். முதலாமவர்களை நான் எதிர்த்தேன். இரண்டாமவர்களில் நானே இருந்தேன்.

இந்த வழியை எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்லக்கூடாது. மிரட்டல் தொடர்ந்தாலோ, வழிபாட்டைத் தடுத்தாலோ, ஒரு பெண் தன் வீட்டிலேயே தினமும் அடிபட்டாலோ, மறுகன்னத்தைப் பற்றிப் பேசுவது அடிக்கிறவனுக்கு உதவி செய்வதாகும். பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடிக்கப்பட்ட பவுல், ரகசியமாகப் போய்விடச் சொன்னபோது மறுத்து, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றான் (அப்போஸ்தலர் 16:37). எங்கள் வழக்கறிஞருக்குப் பிடித்த வசனம் அது. எங்கள் விஷயத்தில் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

2025 டிசம்பர்

டிரம் வாசித்த இளைஞனும் அவன் நண்பனும் பிப்ரவரிக்குள் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் பயந்துவிட்டோம் என்பது அவர்கள் கருத்து. அதைச் சரிசெய்ய முடியவில்லை.

இந்த முறை கீத பவனி மாலை ஆறு மணிக்குக் கிளம்பியது. ஒலிபெருக்கி இல்லை. கிட்டாரும் கைத்தாளமும் மட்டும். ஒரு இரவுக்கு ஆறு வீடுகளுக்குமேல் முடியவில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டும் சத்தம் கேட்காமல் கிறிஸ்துமஸ் வந்த மாதிரியே இல்லை என்று மூதாட்டிகள் பலர் குறைப்பட்டார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் பாடிக்கொண்டிருந்தபோது மணி எட்டு ஐம்பது. என் கைபேசி அடித்தது. புதிய எண். இரண்டாம் தளத்துக்காரர். எங்கள் இளைஞர்களின் பைக் ஒன்று வாசலை மறித்து நிற்கிறது, மருமகள் வண்டியை உள்ளே விட முடியவில்லை என்றார். குரலில் இனிமை எதுவும் இல்லை. பாட்டை முடிக்காமலே ஒருவனை அனுப்பி வண்டியை எடுத்தோம்.